எடி ராபின்சனும் கிராம்ப்ளிங் கல்லூரியும்: விசுவாசம் யாரிடமிருந்து தொடங்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பயிற்சியாளர்களும் வீரர்களும் ஆண்டுக்கொரு அணி தேடிப் போகும் வழக்கத்தைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பணம் உள்ளே வந்ததும் பற்று வெளியேறிவிட்டது என்ற கட்டுரையாளரின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் குற்றத்தின் பெரும்பகுதியை இருபது வயது வீரர்களின் தலையில் கட்டியதையும், பழைய காலத்துக்குச் சான்றாகக் கிராம்ப்ளிங் கல்லூரியின் பயிற்சியாளர் எடி ராபின்சனின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அவர் 408 வெற்றிகளோடு எல்லாக் காலத்துக்கும் முதலிடத்தில் இருப்பதாக முடித்துக்கொண்டதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம். ராபின்சன் தம் வாழ்நாளில் 408 ஆட்டங்களில் வென்றார், 165இல் தோற்றார், 15 ஆட்டங்கள் சமனில் முடிந்தன. 1985 அக்டோபர் 5 அன்று டல்லஸ் நகரில் பிரெய்ரி வியூ அணியை வீழ்த்தித் தம் 324ஆவது வெற்றியைப் பெற்றபோது, அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பேர் பிரையண்டைத் தாண்டினார். பிறகு மின்னசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறிய கல்லூரியில் பயிற்சியளித்த ஜான் கலியார்டி 2003இல் 408ஐக் கடந்து, 489 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். பெரிய கல்லூரிகளின் பிரிவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோ பட்டர்னோவின் கணக்கில் 409 வெற்றிகள் உள்ளன. ஆகவே எண்ணிக்கையை வைத்து ராபின்சனுக்கு முதலிடம் தர முடியாது. அவருடைய பெருமை அந்த எண்ணிக்கையில் இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை.

1941இல் வடக்கு லூசியானாவில் உள்ள கிராம்ப்ளிங் என்ற சிற்றூரின் கறுப்பினக் கல்லூரியில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. தந்தை பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர், தாய் வீட்டு வேலை செய்தவர். மகனோ பட்டம் பெற்ற பின்னும் பேட்டன் ரூஜ் நகரில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தார். கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 63 டாலர் 75 சென்ட் சம்பளம் நிர்ணயித்தார். முதல் பருவத்தில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த ஆண்டு ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி பெற்றதோடு, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. உலகப் போரால் அணியே இல்லாமல் போன 1943, 1944 ஆண்டுகளில் அவர் ஊரை விட்டுப் போகாமல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்தார். 1997இல் ஓய்வு பெறும் வரை வேறெந்தக் கல்லூரியிலும் அவர் வேலை பார்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்தால் அது பொய்ப் புகழ்ச்சியாகிவிடும். அந்தக் காலத்தில் அவர் போவதற்கு இடமே இல்லை. அதே மாநிலத்தின் பெரிய அரசுப் பல்கலைக்கழகமான எல்எஸ்யு, 1970கள் பிறக்கும் வரை தன் கால்பந்து அணியில் ஒரு கறுப்பின வீரரைக்கூடக் களமிறக்கியதில்லை. கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்பது அன்று யாரும் வாய்விட்டுப் பேசக்கூட முடியாத விஷயம். எனவே முதல் முப்பது ஆண்டுகள் அவர் ஒரே இடத்தில் இருந்ததைத் தியாகம் என்று சொல்வது, கதவைப் பூட்டி வைத்தவர்களின் குற்றத்தை மறைத்துவிடும். அதன் பிறகு, ஊர் அறிந்த பெயராகி, 1976இல் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கத்துக்கே தலைவராகிய பின்னும் அவர் அங்கேயே இருந்தார் அல்லவா, அதுதான் அவருடைய சொந்த முடிவு. ஒரே வேலை, ஒரே மனைவி என்று தம் வாழ்க்கையைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

ஆனால் ஒரே நாற்காலியில் ஐம்பது ஆண்டுகள் உட்கார்ந்திருப்பவர்களை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். அந்த ஆண்டுகளில் தினமும் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. தொடக்க காலத்தில் ஆடுகளத்தின் புல்லை வெட்டியவரும், சுண்ணாம்புக் கோடு போட்டவரும், வீரர்களின் கணுக்காலுக்குப் பட்டை சுற்றியவரும், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதி அனுப்பியவரும் அவர்தான். வெளியூர் போகும் வழியில் இருந்த உணவகங்கள் கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடாது என்பதால், தம் கையாலேயே ரொட்டியும் இறைச்சியும் அடுக்கிப் பொட்டலம் கட்டினார். ஒரு பருவத்தில் பருத்தி அறுவடை வந்துவிட்டது, மகன்களை ஆட்டத்துக்கு அனுப்ப முடியாது என்று ஒரு விவசாயி சொல்லிவிட்டார். ராபின்சன் அவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. மொத்த அணியையும் அந்த வயலுக்கு ஓட்டிச் சென்று, பருத்தி எடுத்து முடித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்தார்.

காலையில் அவர் செய்த வேலை எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. விடுதியில் வீரர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, தலைமைப் பயிற்சியாளர் கையில் ஒரு மணியோடு நடையில் வருவார். அறைக்கு அறை அதை அடித்து எழுப்புவார். பயிற்சிக்காக அல்ல, வகுப்புக்காக! நாடறிந்த புகழ் வந்த பிறகும் அந்த வழக்கத்தை அவர் உதவியாளர் ஒருவரிடம் தள்ளிவிடவில்லை. வெளியூர்ப் பயணங்களில் வீரர்கள் கோட்டும் டையும் அணிந்து வர வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி. மேசை நாகரிகம், நேர்காணலில் பேசும் விதம், வீட்டுக்குக் கடிதம் எழுதுவது என எல்லாவற்றிலும் தலையிடும் அவருடைய கண்டிப்பு இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று அதிகமாகப் படலாம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஊரில் எந்தக் கதவும் எளிதில் திறக்காத பிள்ளைகளுக்கு, திறக்கும் ஒரு கதவின் முன் தடுமாறாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தார் என்று அதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்தக் கதவின் முன் முதலில் நின்றவர் பால் 'டேங்க்' யங்கர். 1949இல் கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து என்எஃப்எல் தொழில்முறை லீக்குக்குச் சென்ற முதல் வீரர் அவர். தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' முறையில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தனியாகச் சென்றுதான் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் இடம்பிடித்தார். நீ தோற்றுப் போனால் நமக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வருமோ தெரியாது என்று சொல்லித்தான் கல்லூரி அவரை வழியனுப்பியது. ஓர் இளைஞனின் தோளில் வைக்கக்கூடாத பாரம் அது. யங்கர் அதைச் சுமந்து காட்டினார். அவருக்குப் பின்னால் 200க்கும் மேற்பட்ட கிராம்ப்ளிங் வீரர்கள் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், பக் புக்கானன், சார்லி ஜாய்னர் ஆகிய நால்வரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் இடம்பெற்றிருக்கிறார்கள். இவர்களில் டேவிஸை 1956இல் பதினைந்தாவது சுற்றில்தான் தேர்ந்தெடுத்தார்கள். கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு வந்து, தொழில்முறைக் கால்பந்தின் ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் முதல் இரண்டு வெற்றிகளிலும் பங்குகொண்ட அவர், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து 1968இல் மேலாண்மைப் பட்டமும் வாங்கினார். பிறகு வானொலி நிலையங்களுக்கு உரிமையாளரானார். வகுப்புக்கு மணியடித்து எழுப்பப்பட்ட ஒருவர் அவர்.

குவார்ட்டர்பேக் இடத்தின் கதை இன்னும் முக்கியமானது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வையும் களத்தில் நின்று இயக்குபவர் குவார்ட்டர்பேக்தான். பந்தை யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டிய இடம் என்பதால், கறுப்பினத்தவருக்கு அது ஒத்துவராது என்ற வெட்கக்கேடான நம்பிக்கை தொழில்முறை அணிகளில் வேரூன்றியிருந்தது. கல்லூரியில் அந்த இடத்தில் ஜொலித்த கறுப்பின இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஓடிப் பந்து பிடிக்கும் இடத்துக்கோ பின்வரிசைக் காவலுக்கோ மாற்றிவிடுவார்கள். ராபின்சன் 1960களின் நடுவில் ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற உயரமான இளைஞரை, குவார்ட்டர்பேக்காக மட்டுமே தொழில்முறைக்கு அனுப்புவது என்று தீர்மானித்து நான்கு ஆண்டுகள் உருவாக்கினார். 1969இல் எட்டாவது சுற்று வரை எந்த அணியும் தம்மைத் தொடாததால் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று ஹாரிஸ் மனமுடைந்தபோது, வெற்றி பெறாவிட்டால் நான் கறுப்பன் என்பதால் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குத் திரும்பாதே, எளிதாக இருக்காது என்று தெரிந்துதானே போகிறாய் என்ற பொருளில் ராபின்சன் அவரிடம் பேசியதை ஹாரிஸ் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஆண்டே பஃபலோ பில்ஸ் அணி பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவரைக் குவார்ட்டர்பேக்காகக் களமிறக்கியது. என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்து, பஃபலோ அப்போது ஆடிய ஏஎஃப்எல் லீக்கில் ஒரு கறுப்பினத்தவருக்கு அப்படிப்பட்ட தொடக்கம் அதற்கு முன் கிடைத்ததில்லை.

ஹாரிஸ் திறந்த வழியில் வந்தவர் டக் வில்லியம்ஸ். 1978இல் முதல் சுற்றிலேயே டம்பா பே அணி அவரை எடுத்துக்கொண்டது. பத்தாண்டுகள் கழித்து, 1988 ஜனவரி 31 அன்று சான் டியேகோ நகரில் வாஷிங்டன் அணிக்காக சூப்பர் பவுல் ஆடினார். முந்தைய நாள் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை. ஆட்டத்தின் தொடக்கத்தில் முழங்கால் திரும்பி வலி. எதிரணியான டென்வர் 10-0 என்று முன்னால் இருந்தது. இரண்டாவது கால்பகுதியில் மட்டும் வில்லியம்ஸ் நான்கு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) பந்துகளை எறிய, வாஷிங்டன் 35 புள்ளிகளைக் குவித்து, முடிவில் 42-10 என்று வென்றது. சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக்கும், அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவரே. மைதானத்தில் ராபின்சனும் இருந்தார்; அன்று அவருக்கு வயது 68. பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆசான் ஓய்வு பெற்றபோது, வில்லியம்ஸ் கிராம்ப்ளிங்குக்கே திரும்பி வந்து அவருடைய பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பற்று இருபக்கமும் ஓடியதற்கு இதைவிடச் சான்று தேட வேண்டியதில்லை.

இதற்கிடையில் ராபின்சனின் கையில் இருந்த செல்வமே கரைந்துகொண்டிருந்தது. 1970களில் தென்மாநில வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கத் தொடங்கியதும், முன்பு கிராம்ப்ளிங்கைத் தவிர வேறு வழியில்லாதிருந்த திறமைசாலிகள் பெரிய மைதானங்களும் தொலைக்காட்சிப் புகழும் உள்ள இடங்களுக்குப் போனார்கள். அது நீதி. அதைப் பற்றிப் புலம்புவதற்கு யாருக்கும் உரிமையில்லை. தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய பிள்ளைகளை எதிரே நின்று வரவேற்ற அந்தக் கல்லூரிகளைப் பார்த்துக்கொண்டே, மிச்சமிருந்தவர்களைக் கொண்டு தொடர்ந்து வென்ற காலம்தான் ராபின்சனின் பயிற்சித் திறனுக்கு உரைகல் என்பேன்.

அவருடைய கடைசி ஆண்டுகளையும் மறைக்க வேண்டியதில்லை. 1995இல் 400ஆவது வெற்றி வந்த அதே பருவம் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி என்று முடிந்தது. அடுத்த இரண்டு பருவங்களும் மூன்று வெற்றி, எட்டுத் தோல்வி. அணியின் ஒழுங்கைப் பற்றிய புகார்களும் விதிமீறல் விசாரணையும் சேர்ந்துகொண்டன. 1996இல் அவரை அனுப்பிவிட நிர்வாகம் நினைத்தது. பெரிய எதிர்ப்பு எழுந்து, மாநில ஆளுநர் வரை அவருக்காகப் பேசிய பிறகு, விடைபெறுவதற்கென்று மேலும் ஒரு பருவம் தரப்பட்டது. அந்தக் கடைசிப் பருவம் தேவையில்லை என்பதே என் கருத்து. நன்றி என்ற பெயரில் வெளியிலிருந்தவர்கள் ஒரு முதியவரை மேலும் எட்டுத் தோல்விகளைப் பார்க்க வைத்தார்கள். ஓய்வுக்குப் பின் அல்சைமர் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 2007 ஏப்ரல் 3 அன்று 88ஆம் வயதில் அவர் காலமானபோது, இளமையில் அவர் தீவன மூட்டை தூக்கிய அதே பேட்டன் ரூஜ் நகரில், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் அவருடைய உடல் பொதுமக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது.

நீண்டகாலம் ஒரே இடத்தில் இருப்பது தன்னளவிலேயே நற்குணம் ஆகிவிடாது என்பதற்கு, மேலே குறிப்பிட்ட ஜோ பட்டர்னோவின் கதையே போதும். 1966 முதல் 46 பருவங்கள் பென் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். படிப்பையும் ஒழுக்கத்தையும் வற்புறுத்தியவர் என்று ராபின்சனைப் போலவே போற்றப்பட்டவர். அவரிடம் பல்லாண்டு உதவியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களுக்கு இழைத்த பாலியல் கொடுமைகளுக்காக 2012இல் 45 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார். 2001இல் ஒரு நிகழ்வு பட்டர்னோவின் காதுக்கு வந்தபோது அவர் அதை மேலதிகாரிகளிடம் சொன்னதோடு நின்றுவிட்டார். யாரும் காவல்துறைக்குப் போகவில்லை. பல்கலைக்கழகமே நியமித்த விசாரணை அவரையும் குறை கூறியது, அவர் குடும்பம் அதை மறுத்தது. கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 2012இல் அவர் கணக்கிலிருந்து 111 வெற்றிகளை நீக்கி, 2015இல் திருப்பியும் கொடுத்தது. அந்தச் சச்சரவு எப்படி இருந்தாலும், நிறுவனத்தின் பெயர் மேல் வைத்த பற்று, நிறுவனத்துக்குள் வந்து போன பிள்ளைகளின் மேல் வைக்க வேண்டிய பற்றை விழுங்கிவிட்டது என்பது மறுக்க முடியாதது. பயிற்சியாளர் ஒருவரைப் புகழும்போது, அவர் யாருக்கு விசுவாசமாக இருந்தார் என்று கேட்காமல், எத்தனை ஆண்டு இருந்தார் என்று மட்டும் கேட்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்போது தங்கள் கட்டுரையின் புகாருக்கு வருகிறேன். வீரர்கள் நினைத்தபோது அணி மாறுகிறார்கள் என்கிறார் கட்டுரையாளர். உண்மைதான். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒரு முறை தடையின்றி மாறலாம் என்றார்கள், 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து தம் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கவும் முடியும். ஆனால் பயிற்சியாளர்கள் இந்தச் சுதந்திரத்தை எப்போதும் வைத்திருந்தார்களே! பிரையன் கெல்லி பன்னிரண்டு பருவங்கள் நோட்டர் டேம் அணிக்குப் பயிற்சியளித்துவிட்டு, 2021 நவம்பர் இறுதியில், பருவத்தின் இறுதி ஆட்டங்கள் இன்னும் மீதமிருந்தபோதே, பத்தாண்டுகளுக்கு சுமார் 95 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தோடு எல்எஸ்யுவுக்குப் போய்விட்டார். அவர் போவது வீரர்களில் பலருக்கு முதலில் செய்தித்தளங்கள் வழியாகத்தான் தெரிய வந்தது. அந்த ஒப்பந்தம் பாதியைக்கூடத் தொடுமுன், 2025 அக்டோபரில், பருவத்தின் நடுவிலேயே எல்எஸ்யு அவரை வெளியேற்றியது. பெரியவர்கள் இரண்டு பக்கமும் இப்படி நடந்துகொள்ளும் இடத்தில், பத்தொன்பது வயதுப் பையன் மட்டும் பற்றோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கிராம்ப்ளிங்கிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 2013 அக்டோபரில் அந்தக் கல்லூரியின் வீரர்கள் ஜாக்சன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்துக்குப் போக மறுத்தார்கள். பயிற்சி வசதிகள் சீரழிந்து கிடந்ததும், நெடும் பேருந்துப் பயணங்களும், சில வாரங்களுக்கு முன் டக் வில்லியம்ஸ் இரண்டாம் முறை வகித்த பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டதும் அவர்களுடைய குறைகள். ராபின்சன் பெயர் தாங்கிய மைதானத்தின் பிள்ளைகள் ஆட மறுத்தது துரோகம் என்று அன்று சிலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்காக விடியற்காலையில் மணியடித்தவர்கள் இல்லாமல் போன பிறகுதான் அவர்கள் ஆட மறுத்தார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, ஒவ்வொரு அணியிலும் சேர்ந்த வீரர்களில் எத்தனை சதவீதம் பேர் பட்டம் பெற்று வெளியேறினார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பயிற்சியாளர்களின் சம்பளத்தையும் வெற்றிகளையும் பட்டியலிட்டுத் தாங்கள் அடுத்த முறை அச்சிடும்போது, அந்தச் சதவீதத்தையும் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர்,
திருச்சிராப்பள்ளி.